ஆயிரம் லிட்டர் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த புரோட்டீன் ஸ்கிம்மர்?

கவுந்தப்பாடிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு முன்கூடத்தில் 6 அடி நீளம், 2½ அடி அகலம், 2½ அடி உயரம் உள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்று ஒன்றரை ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே அலமாரிக்குள் 4 அடி நீளத்தில், ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமுமாக ஒரு சம்ப் இருக்கிறது; மேல்தொட்டியின் நீர் வழிந்து இதில் இறங்கி, பம்பால் மீண்டும் மேலே ஏறும். பவளம் எதுவும் வைக்கவில்லை. உலர் கல், மணல், மீன்கள், அவ்வளவுதான். லயன் ஃபிஷ் ஒன்று, ஸ்னோஃப்ளேக் விலாங்கு ஒன்று, எம்பரர் ஏஞ்சல் ஒன்று, டேங் இரண்டு. ஆறு டாம்செல்களும் இருந்தன. லயன் ஃபிஷ் வளர்ந்த பிறகு அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தினமும் 50, 60 கிராம் அளவில் இறாலும் கணவாயும் போடுகிறேன். கழிவிலிருந்து நீரில் சேரும் நைட்ரேட் 80 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 80 பங்கு) கீழே இறங்க மறுக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை 150 லிட்டர் நீரை மாற்றுகிறேன். உப்பு வாங்கியே கை சலித்துவிட்டது. நுரை எழுப்பி நீரின் கழிவைக் கோப்பையில் சேர்க்கும் ஸ்கிம்மர் என்று இப்போது இருப்பது, பழைய மூன்றடித் தொட்டியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த சிறியது. அதன் கோப்பையில் வாரம் முழுவதும் சேர்வது அரை டம்ளர் பழுப்பு நீர்.

என் முன்னே மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. கோவையில் அக்ரிலிக்கில் செய்து தருகிற, சம்புக்கு வெளியே நிற்கும் வென்ச்சுரி ஸ்கிம்மர் (குறுகிய குழாயில் நீர் பாயும் வேகத்தில் காற்றை இழுப்பது) ஒன்று. அதற்குத் தனியாக 130 வாட் பிரஷர் பம்பு வேண்டும். சம்புக்குள்ளேயே வைக்கிற, டிசி பம்பில் ஓடும் நீடில் வீல் ஸ்கிம்மர் (ஊசிகள் பதித்த சக்கரம் சுழன்று காற்றைப் பொடியாக்குவது) இன்னொன்று. 40 வாட், 22 அங்குல உயரம், பெட்டியில் 1,500 லிட்டர் தொட்டிக்கு என்று போட்டிருக்கிறது. நண்பர் ஒருவர் விற்கிற பழைய ஏசி நீடில் வீல் மூன்றாவது; அதில் 1,000 லிட்டர் என்று இருக்கிறது, விலையும் பாதிக்குக் கீழே. எதை எடுக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இன்னொன்று. இந்தக் கருவி என்னதான் செய்யும் என்று அப்பா கேட்டார். ஆலைக் கொப்பரையில் கரும்புச் சாறு கொதிக்கும்போது மேலே திரளும் அழுக்கை வாரிக் கொட்டுகிறோம் அல்லவா, அதே வேலைதான் என்று சொல்லிவைத்தேன். அது சரிதானா?

நொய்யல்கரை:

வணக்கம். திருப்பூரில் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வீட்டில் ஒன்பது ஆண்டாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு நீங்கள் சொன்ன உவமை பாதி சரி. கொப்பரையில் சூடும் சுண்ணாம்பும் வெண்டைச் சாறும் சேர்ந்து அழுக்கைத் திரட்டி மேலே தள்ளுகின்றன. ஸ்கிம்மரில் திரட்டுவதற்கென்று எதையும் சேர்ப்பதில்லை. மீன் எச்சத்திலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் நீரில் கரைகிற புரதம், கொழுப்பு போன்றவற்றின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை வெறுக்கும். அவை நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சந்திப்பை எவ்வளவு பரப்பாக ஆக்குகிறோமோ அவ்வளவு ஒட்டும். அதற்காகத்தான் காற்றைப் பொடிப் பொடிக் குமிழிகளாக உடைக்கிறோம். மழை பெய்த மறுநாள் நொய்யல் தடுப்பணையில் வெண்ணுரை மலைபோல் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இந்த வேலையைச் சோப்பும் கழிவும் செய்கின்றன. அவை இல்லாத நல்ல நீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி உடைந்துவிடும். உப்பு நீரில் கூடாமல் பொடியாகவே நிற்கும். ஸ்கிம்மர் பெரும்பாலும் கடல்நீருக்கே பொருந்துவதற்குக் காரணம் இதுதான். வெண்புள்ளி நோய்க்காக உப்பின் அளவை ஒப்படர்த்திக் கணக்கில் 1.009 வரை இறக்கி வைத்தியம் செய்கிற நாள்களில் ஸ்கிம்மர் ஏறக்குறைய சும்மா ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே உண்டாகிவிட்ட நைட்ரேட்டை எந்த ஸ்கிம்மரும் எடுக்காது. கழிவு அழுகி அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்னால் அதில் ஒரு பகுதியை அள்ளி வெளியேற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. ஆகவே இருக்கிற 80-ஐ நீர் மாற்றித்தான் இறக்க வேண்டும். ஒரே வாரத்தில் 300 லிட்டராக இருமுறை மாற்றினால் 37-க்கு அருகில் வரும். அதற்குப் பிறகு அது மீண்டும் ஏறாமல் பார்த்துக்கொள்வதில் ஸ்கிம்மருக்குப் பங்கு உண்டு. உறைந்த இறாலை உருக்கிய நீரைத் தொட்டியில் ஊற்றுகிறீர்கள் என்றால் அதை இன்றே நிறுத்துங்கள். வடிகட்டியில் அலசிப் போடுவதே பாதி ஸ்கிம்மருக்குச் சமம் என்பேன்.

இனி அளவு. உங்கள் தொட்டியின் வெளி அளவை வைத்துக் கணக்கிட்டால் 1,060 லிட்டர் வரும். கண்ணாடியின் தடிமனையும் மேலே விட்டிருக்கும் மூன்று அங்குல இடைவெளியையும் கழித்தால் 860; கல்லும் மணலும் அடைத்த இடம் ஒரு 40; சம்பில் நிற்பது 120 முதல் 150. ஆக மொத்தம் 950 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த எண்ணைப் பெட்டியில் உள்ள எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. கையேட்டை விரித்துப் பார்த்தால் குறைந்த கழிவுச் சுமைக்கு ஒன்று, நடுத்தரச் சுமைக்கு ஒன்று, அதிகச் சுமைக்கு ஒன்று என்று பெரும்பாலும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடுவது முதல் எண்ணை. அதிகச் சுமைக்கான எண் பாதியாகவோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்கும். விலாங்கும் லயன் ஃபிஷ்ஷும் வைத்துக்கொண்டு தினமும் 60 கிராம் இறைச்சி போடுகிற தொட்டிக்கு அதிகச் சுமை என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. இரண்டாவது வாய்ப்பின் கையேட்டில் அந்த எண் 900-க்குக் குறையாமல் இருந்தால் எடுக்கலாம். நண்பரின் 1,000 லிட்டர் ஸ்கிம்மர் இந்தக் கணக்கில் தேறாது. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

லிட்டர் எண்ணை விட நான் நம்புவது காற்றின் அளவை. மணிக்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கிறது என்பதைக் கையேட்டில் தேடுங்கள். உங்கள் தொட்டிக்கு 1,000-க்குக் கீழே நான் போக மாட்டேன். அடுத்து, நுரை ஏறுகிற கழுத்தின் அகலம். அதற்கும் அப்பால் ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009-இல் வெளியிட்ட சோதனைகளில், வெவ்வேறு ஸ்கிம்மர்கள் நீரில் இருந்த மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 30 விழுக்காடு அளவை மட்டுமே எடுத்தன. வகைகளுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வும் தென்படவில்லை. அதைப் படித்த பிறகு விலையுயர்ந்த ஸ்கிம்மர்மேல் எனக்கிருந்த பக்தி குறைந்தது. தினமும் தடங்கலின்றி ஓடுவது எது, எளிதாகக் கழுவ முடிவது எது என்று பார்க்கத் தொடங்கினேன்.

கணபதி பட்டறை:

நொய்யல்கரை அண்ணா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. நான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நண்பர்களுக்காக அக்ரிலிக் ஸ்கிம்மர்கள் ஏழெட்டு செய்தும் கொடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் முதல் வாய்ப்பை உங்களுக்கு நான் பரிந்துரைக்கப் போவதில்லை. உடலை நம் ஊரில் நன்றாகவே செய்கிறார்கள், அதில் குறை கிடையாது. சிக்கல் பம்பில்தான். 130 வாட் பம்பு இரவும் பகலும் ஓடினால் இருமாத மின்கணக்கில் 187 யூனிட் ஏறும். 40 வாட் டிசி பம்புக்கு 58 யூனிட்தான். அந்த 130 வாட்டில் கணிசமான பகுதி வெப்பமாகி நீரில்தான் இறங்கும். சித்திரை வெயிலில் ஈரோட்டுப் பக்கம் 40 டிகிரி அடிக்கிறபோது, ஒரு கையால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை ஓட்டி மறுகையால் அதே நீரைச் சூடாக்குவானேன்?

ஊரில் செய்ததை எப்போதாவது வாங்கினால் உலோகம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். நான் செய்த முதல் ஸ்கிம்மரில் காற்றுக் குழாய்க்கு நல்ல வால்வாக இருக்கட்டும் என்று பித்தளை வால்வு ஒன்றை வைத்தேன். அது நீருக்கு வெளியேதான் இருந்தது. ஆனால் குழாய்க்குள் உப்பு ஏறி, மூன்று மாதத்தில் திருகின் புரிகளில் பச்சை பூத்து, அது துளித்துளியாக உள்ளே இறங்கியிருக்கிறது. நத்தைகள் எல்லாம் போய், இரண்டு கிளீனர் ஷ்ரிம்பும் செத்த பிறகுதான் வால்வைக் கழற்றிப் பார்த்தேன். மீன்கள் தாங்கிக்கொண்டன, முதுகெலும்பில்லாதவை செம்பைத் தாங்கா.

பழைய ஏசி ஸ்கிம்மரைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பின் பெயர்த்தகட்டில் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டுக்காக நிமிடத்துக்கு 3,600 சுற்று என்று செய்த காந்த ரோட்டர் பம்பு இங்கே 3,000 சுற்றுதான் சுற்றும். காற்று இழுப்பும் அதற்கேற்பக் குறையும். நண்பரிடம் கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது, தகட்டைத்தான் நம்ப வேண்டும்.

டிசி ஸ்கிம்மரை வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இம்பெல்லரும் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) அடாப்டரும் தனியாகக் கிடைக்குமா? பம்பு ஊர்க்காரன் என்பதால் எதையும் கடைந்து தந்துவிடுவேன் என்று சிலர் பட்டறைக்கு வருகிறார்கள். உடைந்த பீங்கான் தண்டையும் வீங்கிப்போன காந்தத்தையும் லேத்தில் கடைய முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் நீரும் சரிபாதியாகக் கலந்து அதில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் சுண்ணாம்புப் படிவு கரைந்துவிடும். அதைச் செய்தாலே அந்தத் தண்டு உடைகிற நிலை பெரும்பாலும் வராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் சம்பில் ஸ்கிம்மர் நிற்கப்போகிற அறையின் நீர்மட்டத்தை அளந்து சொல்லுங்கள். அலமாரியின் உட்புற உயரமும் வேண்டும். பாதிப் பேர் வாங்கி வந்த பிறகுதான் டேப்பை எடுக்கிறார்கள்.

பொள்ளாச்சி வாசகி:

இரண்டு பேருமே பெரியதை எடு என்ற பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். என் 500 லிட்டர் தொட்டிக்கு 2,000 லிட்டர் ஸ்கிம்மர் வாங்கி ஆறு மாதம் அவதிப்பட்டேன். நுரையைத் தாங்கிப் பிடிப்பதே நீரில் உள்ள கரிமக் கழிவுதான். கழிவு குறைவாகவும் கழுத்து அகலமாகவும் இருந்தால் நுரை பாதி வரை ஏறி உடைந்து உடைந்து விழுமே தவிரக் கோப்பைக்கு வராது. எப்போதாவது மொத்தமாகப் பொங்கி வழியும். உங்கள் தொட்டிக்குக் கழிவுப் பஞ்சம் இல்லை என்பதால் 1,500 பொருந்தும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்கும் அடுத்த அளவுக்குத் தாவ வேண்டாம்.

வாங்கிய பின் முதல் பத்து நாள் நுரை தாறுமாறாக இருக்கும். புது அக்ரிலிக்கில் மெல்லிய வழவழப்புப் படலம் படிகிற வரை அப்படித்தான். அதற்குள் வால்வைத் திருகித் திருகிப் பார்க்கக் கூடாது. கையில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை படுத்துவிடும். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் இல்லாத கை ஏது? தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, கையை ஒப்புக்கு அலம்பிக்கொண்டு தொட்டிக்குள் கல்லை நகர்த்தினேன். கோப்பை ஒன்றரை நாள் வறண்டு கிடந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று கடைக்கு ஃபோன் செய்தது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கு ஆயிரம் லிட்டர் காற்றை இழுத்து நீரோடு பிசைகிற கருவி அது. அந்தக் காற்றில் என்ன இருக்கிறதோ அது நீருக்கும் போகும். ஜன்னல்களை மூடிய அறையில் கரியமில வாயு தேங்கி நீரின் பிஹெச் இறங்குவதால், காற்றுக் குழாயை ஜன்னல் வழியே வெளியே விடச் சொல்வார்கள். சென்னை அடுக்ககத்துக்கு அது சரி; கவுந்தப்பாடியில் ஜன்னலுக்கு வெளியே கரும்போ மஞ்சளோ நிற்கும், அதற்கு மருந்து தெளிக்கிற நாளும் வரும். அன்றைக்குக் குழாயை உள்ளே இழுத்துவிடுங்கள். கொசுவிரட்டி எரிகிற அறையிலும் எச்சரிக்கை தேவை. குழாயின் முனையில் கரி அடைத்த சிறு டப்பா ஒன்றை மாட்டி வைத்தால் மனநிம்மதி.

கவுந்தப்பாடிக்காரன்:

மூவருக்கும் நன்றி. கையேட்டில் அதிகச் சுமைக்கு 900 லிட்டர் என்றே இருக்கிறது. காற்று மணிக்கு 1,200 லிட்டர். எனவே இரண்டாவதை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் பட்டறை அண்ணா கேட்டதை அளந்தபோது புதுச் சிக்கல் முளைத்தது. ஸ்கிம்மருக்கு நீர்மட்டம் 8 முதல் 9 அங்குலம் வேண்டும் என்கிறது கையேடு. என் சம்பில் அந்த அறையில் 11 அங்குலம் நிற்கிறது. கீழே இரண்டரை அங்குல மேடை போட்டு உயர்த்தலாம் என்றால், அலமாரியின் உட்புற உயரம் 27 அங்குலம்தான். ஸ்கிம்மர் 22, மேடை 2½, கோப்பையைத் தூக்கி எடுக்க 4, மொத்தம் 28½. கோப்பையைக் கழற்ற முடியாத ஸ்கிம்மரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இன்னொரு கவலை, மின்தடை. மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் இருக்காது. இன்வெர்ட்டரில் மேலே நீர் ஏற்றும் பம்பை ஓட்டுவதா ஸ்கிம்மரை ஓட்டுவதா?

கணபதி பட்டறை:

ஸ்கிம்மரை உயர்த்த வேண்டாம், நீரை இறக்குங்கள். அந்த அறையின் மட்டத்தை முடிவு செய்வது அதை அடுத்து நிற்கும் தடுப்புக் கண்ணாடி. அந்தத் தடுப்பை எடுத்துவிட்டு 8½ அங்குல உயரத்தில் புதிய கண்ணாடியைச் சிலிக்கானில் ஒட்டினால் மேடையே தேவைப்படாது; 22-உம் 4-உம் 26, அலமாரிக்குள் அடங்கிவிடும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கானை வாங்கிவிடாதீர்கள், தொட்டிக்கென்று விற்பதையே கேட்டு வாங்குங்கள்.

மட்டத்தை இறக்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மின்சாரம் போனதும் மேல்தொட்டியில் ஓர் அங்குல நீர் வழிந்து இறங்கும் என்று வையுங்கள். அதுவே ஏறத்தாழ 33 லிட்டர். உங்கள் சம்பில் மட்டம் இரண்டரை அங்குலம் ஏறிவிடும். மின்சாரம் திரும்பும் அந்த நிமிடம் ஸ்கிம்மர் ஆழத்தில் மூழ்கியிருக்கும் நிலையிலேயே ஓடத் தொடங்கி, கோப்பையில் இருக்கும் அத்தனை கறுப்பு நீரையும் பொங்க வைத்துச் சம்பிலேயே கொட்டிவிடும். தோட்டத்து போர் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டரில், மின்சாரம் வந்து சில நிமிடம் கழித்து ஓடும்படி டைமர் வைத்திருப்பீர்களே, அதைப் போன்ற ஒன்றை ஸ்கிம்மருக்கும் வையுங்கள். பத்து நிமிடம் போதும். அதற்குள் மேலேற்றும் பம்பு மட்டத்தைச் சரிசெய்துவிடும்.

இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை முதலில் மேலேற்றும் பம்பு, மிஞ்சினால் ஸ்கிம்மர். ஸ்கிம்மர் ஒருநாள் ஓடாவிட்டால் கழிவு சற்றே கூடும், அவ்வளவுதான். நீர் அசையாமல் நின்றால் மீன் மூச்சுத் திணறும். வெயில் காலத்தில் சூடான நீரில் உயிர்வாயு குறைவாகவே கரையும் என்பதால் அது இன்னும் விரைவாக நடக்கும். மேலேற்றும் பம்பு ஏசி என்றால் சைன் வேவ் இன்வெர்ட்டராகப் பாருங்கள். சதுர அலையில் அது இரைந்துகொண்டே சூடாகும்.

கவுந்தப்பாடிக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தடுப்பை மாற்றி, டைமரும் வைத்தாகிவிட்டது. பொள்ளாச்சி அக்கா சொன்னபடி முதல் ஒன்பது நாள் வெறும் சலசலப்புதான். வால்வைத் தொடாமல் இருப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பத்தாம் நாள் காலையில் கோப்பையில் இரண்டு அங்குலத்துக்குக் காப்பி டிகாஷன் நிறத்தில் தேங்கியிருந்தது, கழுத்தின் உட்புறம் கையால் வழித்தெடுக்கிற மாதிரி பச்சை கலந்த பழுப்புப் பசை. இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுத்தைத் துணியால் துடைக்கிறேன். இரண்டு முறை நீர் மாற்றிய பிறகு நைட்ரேட் 40-இல் இருக்கிறது, மீண்டும் ஏறவில்லை.

கோப்பையைத் திறந்ததும் அப்பா ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆலை அழுக்கென்றால் குப்பைமேட்டில் கொட்டி எருவாக்கலாம், இதை எங்கே கொட்டுவது என்று கேட்கிறார். மஞ்சள் பாத்தியில் ஊற்றலாமா?

நொய்யல்கரை:

மஞ்சள் பாத்தியில் வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது கடலளவு உப்பு. மஞ்சள் அதைத் தாங்காது. கழிவுநீர்க் குழாயில் விட்டுவிடுங்கள். வீணாக்க மனம் வரவில்லை என்று அப்பா சொன்னால் தென்னை மரத்தடியில் வாரம் ஒரு கோப்பை ஊற்றட்டும், அது தாங்கிக்கொள்ளும். நாற்றத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.